வருமான வரி விவரத்திரட்டை ஒப்படைக்காவிட்டால் என்ன நடக்கும்?

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து வரும் கடிதத்துக்கு எங்கள் வீடுகளில் ஓர் இடம் உண்டு. மின்சாரப் பட்டியல், பழைய கலண்டர், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை எல்லாவற்றோடும் சேர்ந்து அலுமாரி லாச்சிக்குள் அது போய்விடும். "நாங்கள் வரி கட்டுகிற அளவுக்கு எங்கே உழைக்கிறோம்" என்று ஒருவர் சொல்வார். "வங்கிக்காரன் வட்டியிலேயே வெட்டிவிட்டானே" என்பார் இன்னொருவர். "சம்பளத்தில் மாதாமாதம் போகிறது, பிறகென்ன விவரத்திரட்டு" என்பது மூன்றாமவரின் கேள்வி.

மூன்று பேரும் சொல்வது சரியாக இருக்கலாம். பிழையாகவும் இருக்கலாம். ஆனால் கடிதம் லாச்சிக்குள் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் சட்டத்தில் ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வரி கட்டாமல் விடுவதும் விவரத்திரட்டை ஒப்படைக்காமல் விடுவதும் ஒன்றென்றே நினைக்கிறோம். சட்டம் அவற்றை இரண்டு வேறு தவறுகளாகப் பார்க்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே தண்டப்பணம் உண்டு. சிறிய வருமானக்காரருக்கு வரியைவிட, விவரத்திரட்டைத் தவறவிட்டதற்கான தண்டப்பணமே பெரிய அடியாக விழுகிறது.

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2018 ஏப்ரல் 1 முதல் அமுலில் இருக்கும் இந்தச் சட்டம் பின்னர் பல தடவைகள் திருத்தப்பட்டிருக்கிறது. வரிக் கணக்கில் வருடம் என்பது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை. அந்த வருடம் முடிந்து எட்டு மாதங்களுக்குள், அதாவது நவம்பர் 30க்கு முன்னர், விவரத்திரட்டு திணைக்களத்துக்குப் போய்ச்சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான வருமானத்துக்குச் சட்டம் குறிக்கும் கடைசி நாள் 2025 நவம்பர் 30. சில வருடங்களில் திணைக்களம் அறிவித்தல் மூலம் நாட்களை நீட்டுவதுண்டு. அதை நம்பியிருக்கக்கூடாது.

இது சுயமதிப்பீட்டு முறை. எவ்வளவு வரி என்று திணைக்களம் கணக்குப் பார்த்து பில் அனுப்பும், வந்தபிறகு கட்டலாம் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பில் வருவதில்லை. கணக்கைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. கட்டுவதும் அறிவிப்பதும் அப்படியே. திணைக்களம் தானாகக் கணக்குப் பார்த்து அனுப்பினால் அது நல்ல செய்தியாக இருக்காது. ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

யார் ஒப்படைக்க வேண்டும்?

2023 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை தனிநபர் நிவாரணம் வருடத்துக்கு 12 இலட்சம் ரூபாவாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 18 இலட்சம். எல்லா வழிகளாலும் வரும் வருமானத்தைக் கூட்டி, இந்தத் தொகையைக் கழித்த பின்னும் மிச்சம் இருந்தால் வரி உண்டு. விவரத்திரட்டும் உண்டு.

வேலைச் சம்பளம் மட்டுமே வருமானம், அதற்குரிய வரியைத் தொழில்தருநர் முற்பண வருமான வரியாகச் சம்பளத்திலேயே கழித்துவிட்டார், வேறொன்றும் இல்லை என்றால், ஆணையாளர் நாயகம் எழுத்தில் கேட்டாலன்றி விவரத்திரட்டு தேவையில்லை. செலுத்த வேண்டிய வரியே இல்லாத வதிவாளருக்கும் இதே விலக்குத்தான்.

இந்த "எழுத்தில் கேட்டாலன்றி" என்ற சொற்களை ஆறுதலாக வாசிக்க வேண்டும். ஒரு ரூபாகூட வரியில்லாதவரிடமும் திணைக்களம் விவரத்திரட்டைக் கேட்கலாம். கேட்டபிறகு அந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது. லாச்சிக்குள் போன கடிதம் அந்தக் கேள்வியாகவே இருந்திருக்கலாம்.

சம்பளக்காரர் அதிகம் தவறும் இடம் இன்னொன்று. வைத்தியசாலையில் வேலை, பின்னேரம் தனியார் கிளினிக். வங்கியில் வேலை, அப்பா விட்டுச்சென்ற வீட்டில் வாடகை. கம்பஸில் விரிவுரை, வெளியே ஆலோசனைப் பணி. இந்த இரண்டாவது வருமானம் வந்தவுடன் சம்பளக்காரருக்கான விலக்கு போய்விடுகிறது. சம்பளத்தில் கழித்ததோடு கதை முடிந்தது என்று இருப்பவர், நிவாரணம் முழுவதையும் சம்பளத்தின் மேலேயே பாவித்து முடித்திருப்பார். வாடகையின் முதல் ரூபாவுக்கே வரி விழும்.

வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது ரின் இலக்கம் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2023இல் வந்த வர்த்தமானி அறிவித்தல் முதலில் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி போன்ற தொழில்வாண்மையாளரையும், 2024 ஜனவரி முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பதியச் சொன்னது. பலர் பயந்து ஓடிப்போய்ப் பதிந்தார்கள். பலர் அதே பயத்தில் பதியாமல் விட்டார்கள். ரின் இலக்கம் இருப்பதால் மட்டும் ஒருவர் வரி கட்ட வேண்டியவர் ஆகிவிடுவதில்லை. இல்லாததால் ஒருவருடைய வரி இல்லாமற் போவதுமில்லை. ஆனால் ரின் எடுத்ததோடு நில்லாமல் வருமான வரி என்ற வகையிலும் உங்களுக்கு ஒரு கணக்குத் திறக்கப்பட்டிருந்தால், கணினி ஒவ்வொரு வருடமும் உங்கள் விவரத்திரட்டை எதிர்பார்த்திருக்கும். வருமானம் குறைந்து வரி எல்லைக்குக் கீழே வந்துவிட்டால் அதை எழுத்தில் அறிவித்து அந்தக் கணக்கை மூடச் சொல்வது நல்லது. சொல்லாமல் இருந்தால், நீங்கள் வருமானம் இல்லாதவரா, ஒளித்திருப்பவரா என்று கணினிக்குத் தெரியாது.

42,000 ரூபா வரி, 90,000 ரூபா தண்டம்

சட்டத்தின் 178ஆம் பிரிவு விவரத்திரட்டைத் தவறவிட்டதற்கான தண்டப்பணத்தை இரண்டு வழிகளில் கணக்கிடச் சொல்கிறது. முதலாவது, செலுத்த வேண்டிய வரியில் 5 வீதமும், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1 வீதமும். இரண்டாவது, 50,000 ரூபாவும், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 10,000 ரூபாவும். ஒரு மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். இரண்டு கணக்கில் எது கூடவோ அதுவே தண்டப்பணம். ஒரு விவரத்திரட்டுக்கு உச்ச எல்லை 4 இலட்சம் ரூபா.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்று பார்க்க, ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் கணித பாடத்துக்கு ரியூசன் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை. மண்டப வாடகை, அச்சடிப்புச் செலவு எல்லாம் போக 2024/2025 ஆண்டில் அவருக்கு நின்றது 18 இலட்சம். அந்த ஆண்டின் நிவாரணம் 12 இலட்சத்தைக் கழித்தால் 6 இலட்சம். முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதப்படி 30,000 ரூபா. அடுத்த ஒரு இலட்சத்துக்கு 12 வீதப்படி 12,000 ரூபா. மொத்த வரி 42,000 ரூபா.

அவர் நவம்பர் 30ஐத் தவறவிட்டு, 2026 மார்ச் கடைசியில்தான் விவரத்திரட்டை ஒப்படைக்கிறார் என்று வையுங்கள். டிசெம்பர், ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என நான்கு மாதங்கள். முதல் வழியில் 42,000இல் 9 வீதம், 3,780 ரூபா. இரண்டாவது வழியில் 50,000உம் நான்கு பத்தாயிரமும், 90,000 ரூபா. எது கூட? 90,000. வரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அதோடு முடியவில்லை. வரியைச் செலுத்தத் தவறியது தனித் தவறு. அந்த ஆண்டுக்கான மிகுதி வரி 2025 செப்டெம்பர் 30க்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். உரிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள்ளும் கட்டாவிட்டால் செலுத்தாத தொகையில் 20 வீதம் தண்டப்பணம். இங்கே 8,400 ரூபா. மாதத்துக்கு 1.5 வீத வட்டி வேறு. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதத்துக்கு நேர்வட்டியாகப் பார்த்தாலும் 3,780 ரூபா. எல்லாவற்றையும் கூட்டினால் 42,000 ரூபா வரிக்காரர் கொடுக்க வேண்டியது 1,44,180 ரூபா. வரி வருடத்துக்கான நான்கு காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் கட்டப்பட வேண்டியவை. அவற்றைத் தவறவிட்டதற்கான 10 வீதத் தண்டத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

இந்தச் சூத்திரத்தை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் அதன் சுபாவம் தெரியும். இரண்டு வழிகளும் சமமாகும் இடம் 10 இலட்சம் ரூபா வரி. 10 இலட்சத்தில் 5 வீதம் 50,000, 1 வீதம் 10,000. அதற்குக் கீழே வரி உள்ள எவருக்கும், அதாவது நம் ஊர்களில் வரி கட்டும் மிகப் பெரும்பாலானோருக்கு, எப்போதும் இரண்டாவது வழிதான் வேலை செய்யும். வரி 5,000 ரூபாவானாலும் 5 இலட்சமானாலும் தண்டம் ஒன்றே. மறுபக்கம், ஒரு கோடி ரூபா வரி கட்ட வேண்டியவர் விவரத்திரட்டைத் தவறவிட்டால் 5 வீதமே 5 இலட்சமாகிறது. ஆனால் உச்ச எல்லை அவரை 4 இலட்சத்தில் நிறுத்திவிடும். அவருடைய வரியில் அது 4 வீதம். ரியூசன் ஆசிரியைக்கு 214 வீதம். சட்டத்தை வரைந்தவர்கள் இதை நினைத்துத்தான் வரைந்தார்களா என்று எனக்குத் தெரியாது. விளைவு இதுதான்: பெரிய ஆட்களின் தாமதத்துக்கு இந்தப் பிரிவு மலிவு. சின்ன ஆட்களின் தாமதத்துக்கு அது பேரிடி.

அந்த 4 இலட்சம் எல்லையை எட்ட 35 மாதங்கள் போதும். அது ஒரு விவரத்திரட்டுக்குத்தான். அடுத்த வருட விவரத்திரட்டும் ஒப்படைக்கப்படவில்லை என்றால் அதற்கென்று இன்னொரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வருடம் தவறவிட்டவருக்கு மூன்று மணிக்கூடுகள்.

திணைக்களம் கணக்குப் பார்க்கத் தொடங்கினால்

விவரத்திரட்டு வரவில்லை என்றால் திணைக்களம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கையில் உள்ள சான்றுகளை வைத்து, தன் மிகச் சிறந்த மதிப்பின்படி, உங்கள் வருமானம் இவ்வளவு, வரி இவ்வளவு என்று உதவி ஆணையாளர் ஒருவர் தீர்மானிக்கலாம். 133ஆம் பிரிவு சொல்லும் தவறுகை மதிப்பீடு இதுதான்.

சான்று எங்கிருந்து வருகிறது? வங்கிகள் வட்டியில் வரியைப் பிடித்து அனுப்பும்போது யாரிடம் பிடித்தோம் என்ற விவரத்தையும் அனுப்புகின்றன. வாடகையும் சேவைக் கட்டணமும் கொடுக்கும் நிறுவனங்களும் அப்படியே. வாகனப் பதிவு, காணி உறுதி, சுங்கத்தில் இறக்கிய பொருள் என்று மற்ற அரச அலுவலகங்களிடமிருந்தும் தகவல் கேட்கத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு வருடத்தில் உங்கள் வங்கிக் கணக்குக்குள் 60 இலட்சம் வந்துபோயிருந்தால், அதில் எவ்வளவு வியாபாரச் செலவு, எவ்வளவு சுவிஸிலிருந்து தம்பி அனுப்பியது, எவ்வளவு சீட்டுக் காசு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உறவினர் அன்பளிப்பாக அனுப்பும் பணம் உங்கள் வருமானம் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்லும் இடம் விவரத்திரட்டும் அதனோடு போகும் சொத்து, பொறுப்புக் கூற்றும். அவற்றை ஒப்படைக்காதவர் தன் தரப்பைச் சொல்லும் முதல் வாய்ப்பைத் தானே கைவிட்டவராகிறார். மதிப்பீடு பிழை என்று நிரூபிக்கும் சுமை அதன்பின் அவர் தலையில்.

அப்படி ஒரு மதிப்பீடு வந்தால் மிக முக்கியமான எண் 30. முப்பது நாட்களுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் நிர்வாக மீளாய்வு கோர வேண்டும். காரணங்களைச் சொல்ல வேண்டும். அங்கே சரிவராவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. அதற்கும் மேலே, சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் முதல் 30 நாளைத் தவறவிட்டவருக்கு இந்தப் படிகளில் ஏறுவது மிகக் கடினம். ஊகத்தில் போட்ட தொகை உறுதியான தொகையாகிவிடும்.

இங்கே தமிழ் பேசும் மக்களுக்கென்று ஒரு விசேட சிக்கல் இருக்கிறது. விளங்காத மொழியில் கடிதம் வந்தால் "யாரையாவது கேட்டு வாசிப்பம்" என்று வைத்துவிடுவது. அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் அரசுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. தமிழ்ப் பிரதி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பிரதி வரும்வரை 30 நாள் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கடிதம் கையில் கிடைத்த திகதியை உறையிலேயே எழுதிவையுங்கள். தெரிந்த ஒருவரிடம் அன்றைக்கே காட்டி, அது வெறும் நினைவூட்டலா, விவரத்திரட்டு கோரும் அறிவித்தலா, மதிப்பீடா என்று மட்டுமாவது கேட்டறியுங்கள். மூன்றுக்கும் மூன்று வேறு பதில்கள்.

பணத்தை அறவிடும் அதிகாரங்களும் சின்னவை அல்ல. உங்கள் பணத்தை வைத்திருக்கும் வங்கிக்கு அறிவித்தல் அனுப்பி அதிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். உங்களுக்குக் கடன்பட்டவரிடம் நேரடியாகக் கேட்கலாம். வரி நிலுவையோடு நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்கவும் ஏற்பாடு உண்டு. இவை எல்லாவற்றையும்விட மக்களுக்குத் தெரியாதது நீதவான் நீதிமன்ற வழி. ஆணையாளர் நாயகம் நிலுவைத் தொகையைச் சான்றிதழாக எழுதி நீதவானுக்கு அனுப்புவார். அழைப்பாணை வரும். போதிய காரணம் காட்டாவிட்டால் அந்தத் தொகை நீதவான் விதித்த அபராதம்போலக் கருதப்படும். அபராதத்தைக் கட்டாவிட்டால் என்ன நடக்குமோ அது நடக்கும். அங்கே போய் "இந்த மதிப்பீடே பிழை ஐயா" என்று வாதாட முடியாது. அதற்கான இடம் அந்த 30 நாட்களிலேயே முடிந்துவிட்டது.

இது ஏட்டில் மட்டும் உள்ள வழி அல்ல. 2024 செப்டெம்பரில் டபிள்யூ. எம். மென்டிஸ் மதுபான நிறுவனத்தின் பணிப்பாளர்கள் மூவருக்குக் கொழும்பு நீதவான் நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 350 கோடி ரூபா பெறுமதி சேர் வரி நிலுவை விவகாரம் அது. வருமான வரி வழக்கு அல்லத்தான். அந்த அளவுத் தொகை நம்மில் யாருக்கும் இல்லைத்தான். ஆனால் அறவிடும் பாதை எங்கே போய் முடியும் என்பதை அது காட்டியது.

வேண்டுமென்றே வரியை ஏய்த்தார் என்று குற்றம் நிரூபணமானால் ஒரு கோடி ரூபா வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மறதியும் சோம்பலும் ஏய்ப்பு அல்ல. ஆனால் ஐந்து வருடம் தொடர்ந்து வந்த அறிவித்தல்களுக்குப் பதில் சொல்லாமல் அதே காலத்தில் காணி வாங்கி வீடு கட்டியவர், தன்னுடையது மறதிதான் என்று ஒருவரை நம்பவைக்கச் சிரமப்படுவார். அவசரத்தில் ஏதோ ஒன்றை நிரப்பி அனுப்பித் தப்பலாம் என்பதும் சரிவராது. கவனக்குறைவாலோ வேண்டுமென்றோ வரியைக் குறைத்துக் காட்டினால் குறைந்த தொகையில் 25 வீதம் தண்டம். குறைத்துக் காட்டியது ஒரு கோடி ரூபாவுக்கு மேலோ, உரிய வரியின் கால் பங்குக்கு மேலோ என்றால் 75 வீதம்.

ஒப்படைக்காததால் இழப்பவர்கள்

தண்டமே விழாத, ஆனால் பணம் இழக்கும் ஒரு கூட்டமும் இருக்கிறது. பெரும்பாலும் வயதானவர்கள்.

ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவரிடம் 50 இலட்சம் ரூபா நிலையான வைப்பு இருக்கிறது. வருடத்துக்கு 8 வீதப்படி வட்டி 4 இலட்சம். 2025 ஏப்ரலிலிருந்து வங்கி அதில் 10 வீதம், அதாவது 40,000 ரூபாவை முற்பண வரியாகப் பிடிக்கிறது. அதற்கு முன்னர் 5 வீதமாக இருந்தது. அரச ஓய்வூதியம் வருமான வரியிலிருந்து விலக்கப்பட்டது. எனவே அவருடைய வரிக்குரிய வருமானம் 4 இலட்சம்தான். 18 இலட்சத்துக்கு எங்கேயோ கீழே. அவர் ஒரு ரூபாகூட வரி கட்ட வேண்டியவர் அல்லர். ஆனால் 40,000 ரூபா போய்விட்டது. அதைத் திரும்பப் பெற ஒரே வழி விவரத்திரட்டை ஒப்படைத்து மீளளிப்புக் கோருவதுதான். அல்லது வருடத் தொடக்கத்திலேயே, தன் வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்ற சுயபிரகடனத்தை ரின் இலக்கத்துடன் வங்கியில் கொடுத்து, பிடிக்காமலே தடுப்பது. பிரகடனம் கொடுப்பதற்கு முன் பிடித்த பணத்தை வங்கி திருப்பித் தராது. இந்தச் சின்னப் படிவத்தைப் பற்றி எத்தனை வங்கிக் கிளைகளில் முதியவர்களிடம் தாமாகச் சொல்கிறார்கள்? உங்கள் அம்மா, அப்பாவின் வைப்புப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடு, காணிகளும் இதற்குள் வரும். யாழ்ப்பாணத்தில் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருப்பவருக்கு, அந்த வாடகை இலங்கையில் எழும் வருமானம். அற்றோணி முடித்துக் கொடுத்த அண்ணன் கையில் காசு வந்தாலும் வருமானம் சொந்தக்காரருடையது. அவர் இன்னும் இலங்கைப் பிரஜை என்றால், இரட்டைக் குடியுரிமையானாலும், தனிநபர் நிவாரணம் கிடைக்கும். நடுத்தர வாடகை அதற்குள் அடங்கிவிடும். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமையை மட்டும் வைத்திருக்கும் வதிவற்றவருக்கு அந்த நிவாரணமே இல்லை. மாதம் 60,000 ரூபா வாடகை என்றால் வருடத்துக்கு 7,20,000. திருத்த வேலைகளுக்கென 25 வீதத்தைக் கழித்தால் 5,40,000. 2024/2025 வீதப்படி வரி 34,800 ரூபா. பத்து வருடமாக யாரும் கேட்கவில்லை என்பதால் இது இல்லையென்று ஆகிவிடாது. அந்த வீட்டை விற்று, பணத்தை வங்கி மூலம் வெளியே கொண்டுபோக வரும் நாளில் வரி அனுமதி கேட்கப்படும். பழைய கணக்கெல்லாம் அன்றுதான் மேசைக்கு வரும். காணி விற்ற இலாபத்துக்கு மூலதன இலாப வரி தனி. அதற்கான விவரத்திரட்டுக்கு நவம்பர் வரை காலமில்லை, விற்று ஒரு மாத காலத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இளையோர் பக்கம் இன்னொரு மாற்றம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இங்கிருந்தே மென்பொருள் எழுதுவோர், வடிவமைப்போர், என்னைப்போல் கட்டுரை எழுதிக் கொடுப்போர் எல்லோருக்கும், வங்கி வழியே வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை வருமானம் 2025 மார்ச் 31 வரை வரிவிலக்காக இருந்தது. ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு இல்லை. 18 இலட்சம் நிவாரணத்துக்குப் பின் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மிகுதிக்கு 15 வீதம். வாழ்க்கையில் ஒருபோதும் விவரத்திரட்டைக் கண்டிராத ஒரு தலைமுறை 2026 நவம்பர் 30க்குள் முதன்முறை அதை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. சம்பளக்காரருக்கு அலுவலகம் கழித்து அனுப்பும். இவர்களுக்குக் கழிக்க யாருமில்லை. தவணைகளையும் தாமே கட்ட வேண்டும். மேலே பார்த்த 50,000 ரூபாவும் மாதம் 10,000 ரூபாவும் கூடுதலாக விழப்போவது இவர்கள் மேல்தான் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே தவறவிட்டவர்கள்

ஒரு வருடமோ பல வருடமோ பிந்திவிட்டால், "இனிப் போனால் பிடிபட்டுவிடுவேன்" என்ற பயம் இயல்பு. கணக்கோ வேறு விதமாகச் சொல்கிறது. போகாமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விவரத்திரட்டுக்கும் 10,000 ரூபா. அறிவித்தல் வருமுன் தானாக வந்து ஒப்படைத்தவருக்கும், மதிப்பீடு போட்ட பின் வந்தவருக்கும் பேசுவதற்குள்ள இடமும் ஒன்றல்ல.

முதலில் வரியைக் கணக்குப் பார்த்துக் கட்டுங்கள். விவரத்திரட்டைப் பிறகு நிரப்பலாம் என்பதற்காக அல்ல, வட்டி ஓடுவது வரிமீது என்பதால். வரி கட்டி முடிந்தால் வட்டி நிற்கும். விவரத்திரட்டு போய்ச்சேர்ந்தால் மாதாந்தத் தண்டம் நிற்கும். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணையில் கட்ட அனுமதி கேட்டு எழுதலாம். நோய், மரணம், இடப்பெயர்வு போன்ற உண்மையான காரணம் இருந்தால் தண்டத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவச் சான்றிதழ் முதலியவற்றுடன் எழுத்தில் கோரிக்கை வைக்கலாம். கிடைக்கும் என்று உறுதியில்லை. வாய்ப்பேச்சில் கேட்டால் கிடைக்காது என்பது உறுதி.

பழைய வருடத்து விவரத்திரட்டுக்கு அந்த வருடத்து வீதமே பொருந்தும் என்பதை மறக்கவேண்டாம். 2025 ஏப்ரலில் வந்த 18 இலட்சம் நிவாரணத்தை 2023/2024 கணக்கில் போட்டு, வரியில்லை என்று அனுப்பிவிட்டால் அது பிழையான விவரத்திரட்டு. அந்த வருடத்துக்கு 12 இலட்சம்தான்.

கையில் வேண்டியவை: வருட முடிவில் வங்கி தரும் வட்டிச் சான்றிதழும் அதில் பிடித்த வரி விவரமும், தொழில்தருநர் தரும் சம்பள வரிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், வியாபாரமென்றால் வரவு செலவுப் புத்தகம், வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்கு வங்கிப் பற்றுச்சீட்டு, மார்ச் 31ஆம் திகதி நிலவரப்படி உள்ள சொத்துகளும் கடன்களும். கடைசியில் சொன்னதைப் பலர் அரைகுறையாக நிரப்புகிறார்கள். கலியாணத்துக்குப் போட்ட நகை, சீதனமாக வந்த காணி, வங்கிக் கடன் எல்லாவற்றையும் முதல் வருடத்திலேயே ஒழுங்காக எழுதிவிட்டால், பின்னொரு நாள் அவற்றை விற்று வேறொன்று வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் திணைக்களத்தின் கோப்பிலேயே இருக்கும்.

விவரத்திரட்டை இப்போது இணையவழியில் ஒப்படைப்பதே வழமை. ரின் இலக்கத்தோடு கடவுச்சொல்லும் வேண்டும். அது கையில் இல்லாதவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில்தான் அதைத் தேடத் தொடங்குகிறார்கள். திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. கணக்காளர் ஒருவரிடம் கொடுப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் மறந்தாலும் தண்டம் உங்கள் பெயரில்தான் வரும். ஒப்படைத்ததற்கான ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். அதை வைக்கத்தான் அந்த லாச்சி.